நான் யாரிடம் போய்க் கேட்பது?

எங்கள் சபையில் புதன்கிழமை மாலை நடைபெறும் வேதபாட வகுப்பை நான் 14 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அதில் நான் மிகவும் விரும்பிக் கற்பித்து வந்த பாடம் தேவனுடைய இறையாண்மை. வானத்திலும் பூமியிலும் அவருடைய ஆளுகைக்குப் புறம்பாக எதுவும் நடப்பதில்லை என்பதை மூன்று வாரம் வசனங்களால் நிறுவிவிட்டு, நான்காவது வாரம் தீமையைப் பற்றிய கேள்விக்கு வருவேன். கடவுள் நல்லவர், கடவுள் வல்லவர், ஆயினும் உலகில் தீமை இருக்கிறது என்று பலகையில் எழுதி, இம்மூன்றும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று கேட்பேன். எப்பிக்கூரஸ் என்ற கிரேக்க ஞானியின் பெயரில் வழங்கும் இந்தக் கேள்வியை மறுப்பதற்காகவே எடுத்தெழுதி, அதன் வழியாகப் பிற்காலத்தாருக்குக் கொண்டுசேர்த்தவர் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய லக்தான்சியஸ் என்ற கிறிஸ்தவர். எதிர்வாதத்தைப் பத்திரப்படுத்தி வைத்ததும் நம்மவர்தான் என்று சொன்னால் வகுப்பில் சிரிப்பு எழும். பிறகு அகுஸ்தீன், கால்வின் என்ற இறையியலாளர்கள், லைப்னிட்ஸ் என்ற தத்துவஞானி என்று வரிசையாகப் போய் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன். யாருக்கும் கேள்வி இருக்காது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

என் தம்பியின் மகளுக்கு 11 வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. 16 மாதச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு விடியற்காலையில் அவள் இறந்துபோனாள். நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி மருத்துவமனை நடைக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவளுடைய மணிக்கட்டில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையைச் செவிலியர் கத்தரித்து அவன் கையில் கொடுத்திருந்தார். பெயரும் வயதும் எண்ணும் அச்சிட்ட அந்தப் பட்டையை அவன் விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தான். வயது 12 என்பதில் 2 என்ற இலக்கம் பாதி அழிந்திருந்தது. நான் அவன் அருகில் உட்கார்ந்து, தோளில் கை வைத்து, "கர்த்தருடைய சித்தம், தம்பி. அவர் தவறு செய்யமாட்டார்" என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவருடைய சித்தம்தான் என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பது, அண்ணா?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஏழு மாதம் அவன் என்னோடு பேசவில்லை, சபைக்கும் வரவில்லை.

நான் சொன்னதில் கோட்பாட்டுப் பிழை எதுவும் இல்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வாக்கியத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை நான் யாருக்காகச் சொன்னேன் என்று யோசித்தபோது எனக்கே கூசியது. அந்த நடைக்கூடத்தில் ஆட்டம் கண்டிருந்தது 14 ஆண்டுப் பாடம். தம்பியைத் தேற்றுவதற்கு முன்னால் நான் என் பாடத்தைத் தாங்கிப் பிடிக்கப் போயிருக்கிறேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன், "வகுப்புக்கு நீங்கள் எழுதி வைத்திருக்கிற நோட்டைக் கொடுங்கள்" என்றான். கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தபோது அதன் ஓரங்களில் பென்சிலால் சிறு சிறு குறிப்புகள் இருந்தன. இந்தப் பாடத்தைப் பற்றி எனக்கு இன்று தெரிந்தவற்றில் பாதி அந்தப் பென்சில் குறிப்புகளிலிருந்து வந்தது.

முதல் குறிப்பு அகுஸ்தீன் பக்கத்தில். தீமை என்பது தனியாக உள்ள ஒரு பொருளன்று, நன்மையின் குறைவே தீமை என்று அவர் கற்பித்ததை நான் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். தம்பி அதன் அருகில், "அவளுடைய அணுக்கள் குறையவில்லை, பெருகின" என்று எழுதியிருந்தான். அகுஸ்தீனுக்கு இதற்கும் விடை உண்டு. பெருகியது அணுக்கள், குறைந்தது அவற்றுக்கு உரிய ஒழுங்கு என்பார். நன்மை ஒன்று, தீமை ஒன்று என இரண்டு ஆதிசக்திகள் உண்டென்று சொன்ன மனிக்கேயர்களோடு ஒன்பது ஆண்டு இருந்துவிட்டு வெளியே வந்தவருக்கு அந்த விடை உயிரான விடை. ஆனால் தீமை எங்கிருந்து வந்தது, கடவுள் அதைப் படைத்தாரா என்பதுதான் அவருக்கு முன்னால் இருந்த கேள்வி. பரிசோதனைத் தாளில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஏறுவதை வாரந்தோறும் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனுடைய கேள்வி அதுவன்று. ஒரு கேள்விக்குரிய நல்ல விடையை இன்னொரு கேள்விக்குக் கொடுத்தால் அது ஏமாற்று வேலையாகிவிடுகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

லைப்னிட்ஸ் பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை, குறுக்கே ஒரு கோடு மட்டும் இருந்தது. படைக்கப்படக்கூடிய உலகங்களில் இதுவே மிகச் சிறந்தது என்று அவர் 1710இல் வாதிட்டார். 1755 நவம்பர் 1ஆம் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று ஆலயங்கள் நிறைந்திருந்த காலை நேரத்தில், லிஸ்பன் நகரத்தை நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து கடல்வெள்ளமும் தீயும் அழித்தன. ஐரோப்பாவில் அந்த வாதத்தின் மதிப்பு அன்றோடு சரிந்தது. இதையெல்லாம் நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஒரு வரலாற்றுத் துணுக்கைப் போல.

மூன்றாவது குறிப்புதான் என்னை நெடுநாள் உட்கார வைத்தது. நல்லவரும் வல்லவருமான கடவுள், தீமை ஆகிய இரண்டும் தர்க்கப்படி ஒன்றாக இருக்கவே முடியாது என்று ஜே. எல். மேக்கி என்ற தத்துவஞானி 1955இல் எழுதினார். சுதந்திரமுள்ள மனிதரைப் படைக்கிற கடவுள் அவர்கள் தவறவே முடியாதபடியும் படைக்க வேண்டும் என்பது பொருந்தாது என்று கிறிஸ்தவத் தத்துவஞானி ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் அதற்கு மறுமொழி கொடுத்தார். நோட்டில் இதைக் கட்டம் கட்டி, "சிக்கல் தீர்ந்தது" என்று எழுதியிருந்தேன். தம்பி கேட்டிருந்தான்: "யாருடைய சுதந்திரத்தால் அவளுக்குப் புற்றுநோய் வந்தது?" மீண்டும் எடுத்துப் படித்தபோது, பிளான்டிங்கா சிக்கல் தீர்ந்தது என்று சொல்லவே இல்லை என்பது தெரிந்தது. கடவுள் ஏன் அனுமதித்தார் என்ற காரணத்தைத் தாம் சொல்ல வரவில்லை, முரண்பாடு இருக்கிறது என்ற குற்றச்சாட்டைத் தடுப்பது மட்டுமே தம் வேலை என்று அவர் எல்லை வகுத்துக்கொண்டுதான் பேசுகிறார். முரண்பாடு இல்லை என்று காட்டுவதும் காரணம் இதுதான் என்று சொல்வதும் வெவ்வேறு வேலைகள். வகுப்பு நடத்துகிறவர்கள் இதை ஒன்றாகக் குழப்பிவிடக்கூடாது என்று நான் யாருக்கும் துணிந்து சொல்வேன். முன்னது பாடவேளைக்கு உரியது. பின்னதைச் சொல்ல நமக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

சகோதரர்களால் விற்கப்பட்ட யோசேப்பின் கதை பக்கத்துக்கு வந்தபோது குறிப்பு இன்னும் சுருங்கியிருந்தது. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற ஆதியாகமம் 50:20 வசனத்துக்கு அருகே, "இதைச் சொன்னது யார்? எப்போது?" என்று கேட்டிருந்தான்.

அந்த வசனத்தில் தமிழில் மட்டும் படிக்கிறவர்களுக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. "முடியப்பண்ணினார்" என்று நம் வேதாகமத்தில் வரும் இடத்தில், எபிரெயு மூலத்தில் சகோதரர்களுக்குப் பயன்படுத்திய அதே வினைச்சொல்தான் தேவனுக்கும் வருகிறது: நீங்கள் தீமையாக நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக நினைத்தார். உடைந்துபோனதைப் பிற்பாடு ஒட்டவைத்தார் என்று யோசேப்பு சொல்லவில்லை; ஒரே நிகழ்ச்சியில் இரண்டு நோக்கங்கள் ஒரே நேரத்தில் இருந்தன, ஒன்று கொடியது, மற்றது நல்லது என்கிறார். இறையாண்மையைக் குறித்த உபதேசம் முழுவதும் இந்த ஒரு வினைச்சொல்லில் அடங்கியிருப்பதாக நான் வகுப்பில் பெருமையோடு சொல்வதுண்டு. இப்போதும் அந்தக் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் தம்பி கேட்டதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கணக்கிட்டுப் பார்த்தேன். கதை தொடங்கும்போது யோசேப்புக்கு 17 வயது. பார்வோனுக்கு முன் நிற்கும்போது 30. செழிப்பான ஏழு வருடமும் பஞ்சத்தின் இரண்டு வருடமும் சேர்ந்தால் 39. அதன்பின் யாக்கோபு எகிப்தில் 17 வருடம் வாழ்ந்து இறந்த பிறகுதான் இந்த வாக்கியம் வருகிறது. அதாவது குழியில் தள்ளப்பட்டு விற்கப்பட்டவன் ஏறத்தாழ 39 ஆண்டு கழித்து, தன்னைத் தள்ளியவர்களிடம், தன் வாயால் சொன்ன வாக்கியம் இது. குழியின் விளிம்பில் நின்றுகொண்டு உள்ளே இருக்கிறவனைப் பார்த்து வேறு ஒருவர் இதைச் சொல்லியிருந்தால், சொல் மாறாமலேயே அது கொடுமையாகியிருக்கும். நான் நடைக்கூடத்தில் செய்தது அதுதான்.

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வசனத்துக்கு அருகில் தம்பி "இதையும்" என்று மட்டும் எழுதியிருந்தான். உண்மை, அதையும் சொன்னவர் பிள்ளைகளை இழந்த யோபுதான். அவருடைய நண்பர்கள் செய்ததில் சரியானது ஒன்றே ஒன்று, ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது. எட்டாம் நாளுக்குப் பிறகு அவர்கள் பேசியவை பெரும்பாலும் என் நோட்டில் இடம்பெறத் தகுந்த ஒழுங்கான இறையியல். கடைசியில் கர்த்தர் அவர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். கர்த்தரோடு வழக்காடி, பிறந்த நாளைச் சபித்து, தம்மை எதிரியாக நடத்துகிறீர் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன யோபுதான் நிதானமாய்ப் பேசியவராம். 14 ஆண்டுகள் இந்த வசனத்தைக் கடந்து போயிருக்கிறேன். நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்க்கத் தோன்றவில்லை.

கால்வினைக் குறித்து ஒரு வார்த்தை. கடவுள் வெறுமனே அனுமதிக்கிறார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதை அவர் ஏற்கவில்லை. அனுமதி என்ற சொல் கடவுளை வேடிக்கை பார்ப்பவராக்கிவிடும் என்பது அவர் கவலை. அதனால் அவரைக் கல்நெஞ்சர் என்று நினைப்பவர்கள் உண்டு. 1542இல் அவருடைய மகன் பிறந்து சிறிது காலத்திலேயே இறந்தபோது, ஆண்டவர் தங்களுக்குக் கடுமையான, கசப்பான காயத்தை உண்டாக்கியிருக்கிறார் என்று நண்பருக்கு எழுதினார். ஆண்டவரும் தகப்பன்தான், தம் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று அவர் அறிவார் என்றும் எழுதினார். காயத்தைக் காயம் என்றே சொல்கிறார், உண்டாக்கியவர் யார் என்றும் சொல்கிறார், ஆனால் தம்முடைய பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார். வேறொருவர் வீட்டுத் துக்கத்துக்கு அந்தக் கடிதத்தை அப்படியே கொண்டுபோகிறவர் கால்வினின் சீடர் ஆகமாட்டார்.

இந்தச் சமயத்தில்தான், பல ஆண்டுகளுக்கு முன் நான் உடனிருந்த ஒரு காரியம் மீண்டும் நினைவுக்கு வந்து உறுத்தியது. கணவனிடம் தொடர்ந்து அடிபட்டு வந்த ஒரு பெண் ஆலோசனை கேட்டு வந்தார். மூத்தவர் ஒருவர், "தேவனுடைய அனுமதி இல்லாமல் ஒன்றும் நடக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஜெபித்து அனுப்பினார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. இறையாண்மை என்ற உபதேசத்தை இதைவிடக் கேவலமாகப் பயன்படுத்த முடியாது. அப்போஸ்தலர் 2:23இல் பேதுரு, தேவன் நிர்ணயித்த ஆலோசனையின்படியே இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்று சொன்ன அதே வாக்கியத்தில், நீங்கள் அக்கிரமக்காரருடைய கைகளினாலே கொலைசெய்தீர்கள் என்றும் சொல்கிறார். நிர்ணயம் கொலையை நீதியாக்கவில்லை, குற்றவாளியை விடுவிக்கவும் இல்லை. 1646இல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, நடப்பவை அனைத்தையும் தேவன் தீர்மானித்திருக்கிறார் என்று அறிவித்த கையோடு, அதனால் அவர் பாவத்துக்குக் காரணர் ஆவதில்லை, படைக்கப்பட்டவர்களின் சித்தத்தின்மேல் பலவந்தம் செய்யப்படுவதும் இல்லை என்று வரம்பு கட்டுகிறது.

நம் பேச்சில் "சித்தம்" என்ற ஒரே சொல் இரண்டு பாரங்களைச் சுமக்கிறது: அவர் தம் ஆளுகையில் தீர்மானித்திருப்பது ஒன்று, நாம் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டிருப்பது மற்றொன்று. மறைவானவை கர்த்தருக்கு உரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்று உபாகமம் 29:29 இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதும் அடிக்கிறவனைத் தடுத்து நிறுத்தச் சட்டத்தின் உதவியை நாடுவதும் வெளிப்படுத்தப்பட்ட சித்தம். அதை விட்டுவிட்டு மறைவானதை எடுத்து அவர் கையில் கொடுத்தோம். இப்போது யாராவது "இது தேவசித்தமா?" என்று என்னிடம் கேட்டால், நடந்து முடிந்துவிட்டதைக் கேட்கிறார்களா, இன்னும் நடந்துகொண்டிருப்பதைக் கேட்கிறார்களா என்று முதலில் விசாரிக்கிறேன். நடந்துகொண்டிருப்பது என்றால், முதலில் அதை நிறுத்துவதற்கு வழி பார்க்கிறோம். இறையியல் காத்திருக்கலாம்.

தம்பி சில காலம், கடவுள் எதிர்காலத்தை முழுவதுமாக அறிவதில்லை என்று கற்பிக்கும் திறந்த இறையியலின் பக்கம் சாய்ந்தான். 1994இல் ஐந்து பேர் சேர்ந்து எழுதிய நூலால் பரவலாகப் பேசப்பட்ட கருத்து அது. கடவுளுக்கும் இது எதிர்பாராத அதிர்ச்சிதான், அவரும் நம்மோடு அழுகிறார் என்பதில் அவனுக்கு ஓர் ஆறுதல் இருந்தது; நான் மறுத்துப் பேசவில்லை. சில மாதம் கழித்து அவனே சொன்னான்: "முதல் நாள் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அண்ணா. 16 மாதமும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?" அவருடைய அறிவைக் குறைத்தாலும் வல்லமை மிச்சம் இருக்கிறது, வல்லமையையும் குறைத்துவிட்டால் ஜெபிக்க யாரும் மிச்சம் இல்லை. இது அந்த இறையியலாளர்களுக்கு முழு மறுப்பு என்று நான் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் தம்பி நடைக்கூடத்தில் கேட்ட கேள்விக்கு வழி அங்கிருந்துதான் திறந்தது.

முறையிடுவது என்றால், ஆளுகிறவரிடம் போய் முறை கேட்பது. ஆராய்ச்சி மணியை அடிக்கிறவன், அரண்மனைக்குள் அரசன் இருக்கிறான், அவனுக்கு அதிகாரம் உண்டு, நீதி செய்ய வேண்டியவன் அவனே என்று நம்பித்தான் கயிற்றை இழுக்கிறான். நான் "கர்த்தருடைய சித்தம்" என்று சொன்னது அவன் காதில், அரண்மனைக் கதவு சாத்தியாயிற்று, போ என்று விழுந்திருக்கிறது. வேதத்தில் அதே உபதேசம் கதவைத் தட்டுவதற்கான காரணமாகவே வருகிறது. "எதுவரைக்கும், கர்த்தாவே" என்று சங்கீதக்காரனும் ஆபகூக்கும் கேட்பது, அவர் ஆளவில்லை என்ற சந்தேகத்தினாலன்று; அவரே ஆளுகிறார் என்பதால். லாசருவின் கல்லறை அருகே, இன்னும் சிறிது நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே கண்ணீர் விட்டார். அதற்குச் சற்று முன்பு நம் மொழிபெயர்ப்பில் "கலங்கி" என்று வரும் கிரேக்கச் சொல்லுக்குச் சீற்றம் என்ற பொருளும் உண்டு. முடிவு தெரிந்திருப்பது அழுகையையோ கோபத்தையோ தேவையற்றதாக்கவில்லை.

ஆகவே துக்க வீட்டில் நான் இப்போது காரணம் சொல்வதில்லை, பெரிய நன்மை ஒன்று வரும் என்றும் வாக்குக் கொடுப்பதில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேச வேண்டியிருந்தபோது இயேசுவும் காரணம் சொல்லவில்லை. அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற ஊகத்தை மறுத்துவிட்டு, கேட்டவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். கேள்வி கேட்கிறவர் வாதத்துக்காகக் கேட்கிறாரா, வலியினால் கேட்கிறாரா என்று தெரியும் வரை புத்தகத்தைத் திறப்பதில்லை. சில சமயம் தெரிந்துகொள்ள மாதங்கள் ஆகின்றன. முதல் வாரம் எல்லோரும் வருவார்கள் என்பதால் நான் மூன்றாம் மாதம் போகிறேன். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுகிறேன். இதைச் செய்தால் அழுவார்களே என்று முன்பு தவிர்த்து வந்தேன். இறையாண்மையின் பாடத்தை இன்னும் நடத்துகிறேன், ஆனால் யாருக்கும் ஒன்றும் நேராத நல்ல நாட்களில், நிதானமாக, இதை நீங்கள் உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவர் காயத்தின்மேல் வைக்காதீர்கள் என்று சொல்லி நடத்துகிறேன்.

நோட்டின் கடைசி வெற்றுப் பக்கத்தில் தம்பி ஒரு வரி எழுதியிருந்தான்: "88ஆம் சங்கீதம் ஏன் இதில் இல்லை?" பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மற்ற முறையீட்டுச் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடுகின்றன, இது திரும்புவதில்லை. எபிரெயுவில் அதன் கடைசிச் சொல் இருள். அதோடு, சிநேகிதனை விலக்கினீர், உம்முடைய அலைகளெல்லாம் என்மேல் என்று எல்லாவற்றையும் நேரே தேவன்மேல்தான் சுமத்துகிறது. இறையாண்மையை இவ்வளவு கண்டிப்பாக நம்பிய வேறொரு சங்கீதம் எனக்குத் தெரியவில்லை.

போன சுற்றில் நான்காவது வாரத்தை அவனையே நடத்தச் சொன்னேன். அந்தப் பிளாஸ்டிக் பட்டை அவனுடைய வேதாகமத்தில் பக்க அடையாளமாக இருந்தது; அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, 18 வசனங்களையும் மெதுவாக வாசித்து முடித்து உட்கார்ந்தான். வழக்கமாகத் துதி ஜெபம் ஏறெடுக்கிறவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன், அவரும் புரிந்துகொண்டு அமைதியாக இருந்துவிட்டார். எல்லோரும் போன பிறகு விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது தம்பி, "அடுத்த வாரம் 89க்குப் போக வேண்டாம், அண்ணா. இன்னும் ஒரு வாரம் இதிலேயே இருப்போம்" என்றான்.